நான்காம் நம்பர் கிடா

ஆட்டுக்கு ஆடு முகம் வேறு, குரல் வேறு, வாடைகூட வேறு என்று ஆட்டு மந்தை மேய்க்கும் கிடைக்காரர்கள் சொல்வார்கள். ரத்தமும் அப்படித்தான். கால்நடை மருத்துவம் படித்த பிரேமலதாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் அது மண்டையில் உறைப்பது வேறு. அவளுக்கு உறைக்க மூன்று மாதம் பிடித்தது.

உறைத்த நாள் ஐப்பசி பத்தொன்பது, காலை பதினொன்றரை மணி. திருநெல்வேலியில் தன் மேசையில் உட்கார்ந்து, சும்மா ஒரு மனத்திருப்திக்காகப் பழைய சோதனைத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பூச்சி கடித்துப் பரவும் வைரஸ் நோய்களைத் தாமிரபரணிக் கரை நெடுகப் பின்தொடர்வதுதான் அவளுடைய வேலை. மாட்டுக்குத் தோல் கழலை, செம்மறிக்கு நீலநாக்கு. நீலநாக்கைப் பரப்புகிற பூச்சி கடுகைவிடச் சிறியது. சேற்றிலும் சாணிக் குழம்பிலும் பிறந்து, வெயில் சாய்கிற நேரத்தில் கிளம்பும். நோய்கண்ட ஆட்டைக் கடித்துவிட்டு, சில நாள் கழித்து நல்ல ஆட்டைக் கடித்தால் போதும். காய்ச்சல் கொதிக்கும், உதடு வீங்கும், வாய் முழுக்கப் புண்ணாகும், சில ஆட்டுக்கு நாக்கே நீலம் பாரித்துப்போகும். சூல் ஆட்டுக்கு வந்தால் குட்டி வயிற்றிலேயே கலைந்துவிடும்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத எதிரி எங்கே நிற்கிறான் என்று அறிய அவள் வைத்திருந்த வழி காவல் ஆடுகள். ஒவ்வொரு கிடையிலும் தடுப்பூசி போடாத ஆறு ஆடுகளைத் தேர்ந்து, காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லை மாட்டி, மாதம் ஒரு தடவை ரத்தம் எடுப்பது. அந்த ரத்தத்தில் நோயின் தடயம் தெரிந்தால் பூச்சி வந்துவிட்டது என்று பொருள். தெரியாவிட்டால் கிடை சுத்தம்.

ஸ்ரீவைகுண்டத்து வயலில் அமர்ந்திருந்த கருத்தையாவின் கிடை சுத்தம். போன வாரம் எடுத்த ரத்தமும் அப்படித்தான் சொன்னது. அதை நம்பித்தான் வெள்ளிக்கிழமை அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள்: கிடையில் நோய் இல்லை, ஆற்றைக் கடக்கலாம். இன்று மாலை நாலு மணிக்கு முந்நூற்று நாற்பது ஆடுகளோடு அவர் ஸ்ரீவைகுண்டத்துப் பாலத்தைத் தாண்டி ஆழ்வார்திருநகரிப் பக்கம் போகிறார். அங்கே அம்மையப்பன் என்கிற நிலக்காரரின் தரிசில் உரத்துக்காக ஏற்கனவே இரண்டு கிடைகள் அமர்ந்திருந்தன. மூன்றும் சேர்ந்தால் ஆயிரத்து இருநூறு உருப்படி. பெரும்பாதி சூல் ஆடுகள், மார்கழியில் ஈன வேண்டியவை.

எல்லாம் சரிதான். நேற்று சாயங்காலம் வந்த ஒரு முடிவுதான் சரியில்லை. கருத்தையாவின் கிடைக்கு இரண்டு வயல் தள்ளி வாழைத்தோட்டம் வைத்திருக்கும் நேசையாவின் கொட்டடியில் ஒன்பது ஆட்டுக்கு நீலநாக்கு. இரண்டு வயல் தள்ளி வந்த பூச்சி இங்கே மட்டும் வராமல் போகுமா? காவல் ஆடு ஆறும் வரவில்லை என்கின்றன. ஆறு சாட்சி ஒரே குரலில் சொன்னால் நம்ப வேண்டியதுதானே என்று தாள்களை வரிசையாகப் பரப்பினாள்.

ஆடி மாத அளவு: மூன்றாம் நம்பர் ஆட்டுக்குப் பதினொன்று, நான்காம் நம்பருக்கு இருபத்தேழு. இரண்டுமே எல்லைக்குக் கீழே, நோய் இல்லை. ஆவணி: பதினான்கு, பதினான்கு. புரட்டாசி: ஒன்பது, ஒன்பது. ஐப்பசி: பன்னிரண்டு, பன்னிரண்டு.

அவள் விரல் அந்த இரண்டு வரிசையிலும் மேலும் கீழும் போய் வந்தது. ஒரு மாதம் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். மூன்று மாதமும் ஒத்துப்போக இரண்டு ஆடும் என்ன ஒப்பந்தமா போட்டிருக்கின்றன? ஒரே ஆட்டின் ரத்தம் இரண்டு குப்பியில் வந்திருக்கிறது.

ரத்தம் எடுப்பவர் இசக்கி. பதினேழு வருஷமாகக் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர். துள்ளுகிற கிடாவின் கழுத்தில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கை. அவளைவிட அவருக்குத்தான் கை சுத்தம் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். கீழே பின்வாசலில் அவர் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெட்டியை எடுத்துட்டு ஜீப்புல ஏறுங்க. ஸ்ரீவைகுண்டம் போறோம்."

"இப்பமா மேடம்? நாளைக்குத்தான..."

"இப்பம்."

வண்டியை அவளே ஓட்டினாள். பாளையங்கோட்டை தாண்டியதும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"நாலாம் நம்பர் கிடாட்ட கடைசியா எப்பம்ணே ரத்தம் எடுத்திய?"

இசக்கி ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஆடியில எடுத்தேன்" என்றார் கடைசியில்.

"பெறவு?"

"பெறவு எடுக்க முடியாது மேடம். அது சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. நம்ம வில்லை போட்ட மறுவாரமே கருத்தையா அண்ணாச்சி நேர்ந்துட்டாவ. தையில கோயில் கொடைக்கு வெட்டுத வரைக்கும் அது உடம்புலேருந்து ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரப்பிடாது. ஊசி, கம்பு, எதுவும் உள்ள போவப்பிடாது. நான் எப்படி மேடம் குத்துவேன்? எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா."

போன மாதம்தான் அவர் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நாற்பத்தோரு நாள் விரதமிருந்து காளி வேடம் கட்டியவர். அந்த நாட்களில் ஆபீசில் டீகூடக் குடிக்கவில்லை. அவரிடம் போய்ச் சாமியாவது பூதமாவது என்று பேச முடியாது. பிரேமலதாவுக்கு அப்படிப் பேசத் தோன்றவும் இல்லை. கோபம் மட்டும் காது வரை ஏறியிருந்தது.

"அதுக்கு மூணாம் நம்பரை ரெண்டு தடவை குத்துனியளாக்கும்?"

"ஐயோ, ரெண்டு தடவை குத்தல மேடம். ஒரே குத்துதான், ரெண்டு குப்பி. அந்தச் சீவனுக்கு வலிக்கும்லா."

வேறொரு நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆட்டுக்கு வில்லையை மாத்தியிருப்பேன்லா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். மொத மாசம் சொல்லல. ரெண்டாம் மாசம், மொத மாசம் ஏன் சொல்லலன்னு கேப்பியளோன்னு சொல்லல." இசக்கியின் குரல் இறங்கிவிட்டது. "எல்லா ஆடும் ஒண்ணாத்தான மேடம் நிக்கி, ஒண்ணு இல்லாட்டா என்னன்னு நெனச்சேன்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "ஒண்ணாத்தான் நிக்குதா? நேர்ந்துவிட்ட கிடா கிடையிலயா நிக்கும்?"

இசக்கி அவளைப் பார்த்தார். அவள் கேட்டதுமே அவருக்கும் விளங்கத் தொடங்கியது. நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் பட்டிக்குள் அடைப்பதில்லை. அது இஷ்டத்துக்குப் போகும், வரும். எவர் தோட்டத்தில் நுழைந்தாலும் விரட்டமாட்டார்கள், கும்பிட்டு அனுப்புவார்கள். மற்ற ஆடுகள் சாயங்காலமானால் வேப்பிலைப் புகைக்குள் பத்திரமாக அடைந்துகிடக்க, இந்த ஒன்று மட்டும் அந்தி நேரத்தில் வாழைத்தோட்டத்துச் சேற்றில் மேய்ந்து திரிந்திருக்கிறது. பூச்சிகள் பசியோடு கிளம்புகிற நேரம், கிளம்புகிற இடம்.

முந்நூற்று நாற்பதில் பூச்சியைச் சந்தித்திருக்கக்கூடிய ஒரே ஆடு. மூன்று மாதமாக அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியிடம் விசாரித்திருக்கிறார்கள்.

இசக்கி மேல் பாய்வதற்கு அவளுக்கு வாய் வரை வார்த்தை வந்தது. அங்கேயே நின்றும்விட்டது. மாதாமாதம் படிவத்தின் அடியில் 'என் முன்னிலையில் ரத்தம் எடுக்கப்பட்டது' என்றொரு வரி உண்டு. அதற்குக் கீழே இருப்பது இசக்கியின் கையெழுத்து அல்ல. வயலில் சேறு என்று வரப்பிலேயே நின்று குப்பிகளுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தது யார்? செருப்பு அழுக்காகாமல் காத்துக்கொண்ட மகராசி யார்?

வண்டியைக் கிளப்பினாள்.

கிடையை அவர்கள் அடைந்தபோது மணி ஒன்று. கார் அறுப்பு முடிந்த வயல். வடகால் வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது. நாலு மணிக்கு மடை திறந்தால் பொழுது அடைவதற்குள் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். டிராக்டர்காரர் ஒருவர் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, எப்போது இந்த ஆடுகள் கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தையா பட்டி வலைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய, மெலிந்து நீண்ட உடம்பு. பேசினால் சுருக்கமாகப் பேசுகிற மனிதர்.

"வாங்க டாக்டரம்மா. வழியனுப்ப வந்தியளோ?"

"அண்ணாச்சி, கிடை இன்னைக்கு ஆத்தைத் தாண்டப்பிடாது."

அவர் கயிற்றை முடிந்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த கடிதத்தைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார்.

"இது ஒங்க கையெழுத்துதான?"

"ஆமா."

"அப்பம் இதுல எழுதியிருக்கது பொய்யா?"

"பொய் இல்ல அண்ணாச்சி. தப்பு." சொல்லும்போது அவளுக்கு முகம் சுட்டது. "நாலாம் நம்பர் கிடா ரத்தத்தை நாங்க பாக்கவே இல்ல. ஒங்களுக்கும் அது தெரியும்லா."

"நான் கிடாவைக் குத்தாதியன்னு சொன்னேன். இவரு குத்தல. குப்பிக்குள்ள எதை ஊத்துனாருன்னு நான் கண்டனா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் நேசையாவின் ஆடுகளைப் பற்றிச் சொன்னாள். பூச்சியைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கிடாவுக்கு நோய் இருந்து, அதோடு கிடை அக்கரைக்குப் போனால், அங்கிருக்கும் பூச்சிகள் அதைக் கடித்து மற்ற ஆடுகளைக் கடிக்கும் என்று சொன்னாள். யார் யாருக்குக் கொடுத்தது என்பது இனிமேல் பூச்சிக்கே தெரியாது, ஆனால் மார்கழியில் ஈன வேண்டிய சூல் ஆடுகள் கலைந்து போகும். கருத்தையா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கிடாவுக்கு இருக்குன்னு தெரியுமா, இருக்கலாம்னு சொல்லுதியளா?"

"இருக்கலாம்னுதான் சொல்லுதேன். ரத்தம் எடுத்தா நாளைக்குத் தெரிஞ்சுரும். காய்ச்சல் குச்சி வச்சுப் பாத்தாக்கூட இப்பமே பாதி தெரிஞ்சுரும்."

"நடக்காது."

"அண்ணாச்சி..."

"நடக்காதும்மா." அவர் குரலை உயர்த்தவில்லை. "இருக்கலாம்னு சொல்லி எங்க போவச் சொல்லுதிய? இங்கன தண்ணி வருது. வடக்க மேட்டுக்காட்டுல புல்லு கெடையாது. அங்க அம்மையப்ப அண்ணாச்சி எடம் ஒதுக்கிக் காத்துக்கிட்டு இருக்காவ. ஒங்க கடுதாசியைக் காட்டி நான் வாக்குக் குடுத்தாச்சு. கிடாவைத் தொட விடமாட்டேன். எதுக்கு நேர்ந்தேன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

அவளுக்குத் தெரியாது. மூன்று மாதமாக வந்து போகிறாள், கேட்டதில்லை.

"எம்மவ முத்துப்பேச்சி. கெட்டிக் குடுத்து ஆறு வருசமாச்சு. ரெண்டு தடவை தங்கி, ரெண்டும் அஞ்சாம் மாசத்துலயே போயிட்டு. இப்பம் மூணாவது. ஏழு முடிஞ்சு எட்டு நடக்கு. இந்தக் கிடாவை நேர்ந்தப்பொறம்தான் அஞ்சைத் தாண்டி நின்னுருக்கு." அவர் உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீங்க ஆட்டு வயித்துல இருக்க குட்டியைப் பாக்கிய. நான் எம்மவ வயித்துல இருக்கதைப் பாக்கேன். ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான். போங்க."

பிரேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதலாம். போலீசைக் கூட்டி வரலாம். அதற்குள் ஆடுகள் பாலம் ஏறியிருக்கும். சட்டப்படி கேட்டாலும் அவர் கையில் இருப்பது அவளே எழுதிக் கொடுத்த சுத்தம். அதற்கு எதிராக அவள் கையில் இருப்பது வெறும் சந்தேகம். மணி இரண்டாகப் போகிறது. அக்கரையில் எண்ணூறுக்கு மேல் ஆடுகள் ஒன்றும் அறியாமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

அப்போதுதான் இசக்கி வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டணும்? கிடா யாருக்கு உள்ளது? அவன்ட்டயே கேட்டுருவோம்."

கருத்தையா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்திக் கேப்போம். உதறிக் குடுத்தா எடுக்கோம். உதறலன்னா நான் மேடத்தைக் கூட்டிட்டுப் போயிருதேன்."

கிடா வெட்டும் முன் இப்படிக் கேட்பது வழக்கம்தான். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். கிடா உடம்பை உலுக்கி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. உதறாவிட்டால் கத்தியை எடுக்கமாட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இப்படி உத்தரவு கேட்டதாக எந்த ஊரிலும் பேச்சில்லை. பிரேமலதா இசக்கியை முறைத்தாள். ஆயிரத்து இருநூறு ஆடுகளின் கதியை ஒரு கிடாவின் உதறலில் கொண்டுபோய் வைக்கிறாரே மனுஷன்! ஆனால் அவளிடம் வேறு என்ன இருந்தது?

கருத்தையா சுருட்டிய வலையைக் கீழே வைத்தார். "மூணு செம்பு" என்றார். "மூணுக்கும் உதறலன்னா நீங்க ஜீப்புல ஏறிரணும்."

"சரி" என்றாள் பிரேமலதா.

கிடா உடைமர நிழலில் மற்ற ஆடுகளோடு நின்றிருந்தது. செவலை நிறம், முறுக்கிய கொம்பு, கழுத்தில் வாடிப்போன அரளி மாலை, காதில் நான்காம் நம்பர் மஞ்சள் வில்லை. உச்சி வெயிலுக்கு எல்லா ஆடுகளும் தலையைத் தொங்கப்போட்டுத்தான் நின்றன. அதுவும் அப்படித்தான் நின்றது. கருத்தையா துண்டை இடுப்பில் கட்டி, வாய்க்காலில் கை கால் கழுவி வந்தார். செம்பில் தண்ணீர் மொண்டு மஞ்சளைக் கரைத்தார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கிடாவின் நெற்றியிலிருந்து முதுகு வரை ஒரே சீராக ஊற்றினார்.

கிடா அசையவில்லை.

தண்ணீர் கண்ணோரமாய் வழிந்து தாடையில் சொட்டியது. இசக்கி கைகளைக் கூப்பியிருந்தார், உதடுகள் முணுமுணுத்தன. ரோட்டில் நின்ற டிராக்டர்காரர்கூட இறங்கி வந்து தள்ளி நின்றுகொண்டார். பிரேமலதா தன்னை அறியாமல் மனசுக்குள் உதறு, உதறு என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். தன்மேலேயே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இரண்டாவது செம்பு. கிடா கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது செம்பைக் கருத்தையா கண்ணை மூடிக்கொண்டு சரித்தார். அவரும் ஏதோ வேண்டிக்கொண்டுதான் ஊற்றினார், அது அவளுடைய வேண்டுதலுக்கு நேர் எதிராக இருந்திருக்கும். தண்ணீர் வழிந்தது. நின்றது. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று.

"பாத்தியளா" என்றார் கருத்தையா. அவர் குரலில் நிம்மதி இருந்தது. "அவன் வேண்டாங்கான். போயிட்டு வாங்க டாக்டரம்மா."

செம்பில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீரைப் பக்கவாட்டில் வீசிக் கொட்டினார். அது அருகில் நின்ற ஒரு சூல் ஆட்டின் தலைமேல் போய் விழுந்தது. விழுந்த கணமே அந்த ஆடு மூக்கிலிருந்து வால் வரை படபடவென்று உதறியது. தெறித்த துளிகள் பட்டதற்கே பக்கத்தில் நின்ற இரண்டு ஆடுகளும் உதறின. பிரேமலதாவின் முகத்திலும் தெறித்தது.

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. கிடாவையே பார்த்தாள். மூன்று செம்புத் தண்ணீரும் ரோமத்தில் ஊறி, மஞ்சளாய்ச் சொட்டிக்கொண்டிருக்க, அது அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, அந்த மறியைப் பாருங்க."

"என்ன?"

"அது உதறிச்சு. கால் செம்புத் தண்ணிகூட இல்ல. பக்கத்துல நின்னதும் உதறிச்சு." அவள் கிடாவைக் காட்டினாள். "சாமி என்ன சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க நாப்பது வருசம் ஆடு மேச்சவுக. தலையில மூணு செம்புத் தண்ணி விழுந்தும் உதறாம நிக்க ஆட்டை எப்பமாவது கண்டிருக்கியளா? நல்லா இருக்க ஆட்டை?"

கருத்தையா சூல் ஆட்டைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, கிடாவின் காதுக்குள் இரண்டு விரலை நுழைத்தார். கிடைக்காரர்களுக்குக் காய்ச்சல் பார்க்கக் குச்சி வேண்டாம், காது போதும். நுழைத்த விரலை அவர் உடனே எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் மாறுவதைப் பிரேமலதா பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம் துளியும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மறு கையால் கிடாவின் உதட்டைத் தூக்கினார். ஈறு சிவந்து தடித்திருந்தது. நூலாக எச்சில் ஒழுகியது.

"ரெண்டு நாளா தீவனத்துல வாய் வைக்கல" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஊருல நல்லாத் தின்னுட்டு வருதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சாத்தான எனக்குச் சவுரியம். கிட்டப் போய்ப் பாக்கணும்னு மனசு சொல்லிச்சு. நான் போவல."

இசக்கி ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். டிராக்டர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கருத்தையா கிடாவின் கழுத்திலிருந்த அரளி மாலையைக் கழற்றினார். அதை உடைமரக் கிளையில் தொங்கவிட்டார்.

"சொகமில்லாத உருப்படியைச் சாமிக்குக் குடுக்கப்பிடாது. இப்பம் இது அவன் கிடா இல்ல, என் கிடா." ஒதுங்கி வழி விட்டார். "எடுங்கம்மா. எவ்வளவு வேணுமோ எடுங்க."

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிரேமலதா செருப்போடு சேற்றில் இறங்கினாள். இசக்கி ஊசியை எடுக்கப் போனபோது அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். இசக்கி கிடாவைப் பிடித்தார். காய்ச்சல் நூற்றாறைத் தாண்டியிருந்தது. கழுத்து ரோமத்தை விலக்கி, நரம்பைத் தடவிப் பார்த்து, குத்தினாள். கறுத்த ரத்தம் குப்பிக்குள் ஏறியது. லேபிளில் 'நான்கு' என்று எழுதும்போது எழுத்து கோணிற்று. அதன் பிறகு கிடையில் கண்ணில் பட்ட இருபது ஆடுகளிடமும் அவளே எடுத்தாள்.

கருத்தையாவின் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே ரத்து என்று எழுதினாள். காரணத்தையும் எழுதினாள்: மூன்று மாதமாக நான்காம் எண் ஆட்டிடம் ரத்தம் எடுக்கப்படவில்லை, எடுத்ததை நான் நேரில் பார்க்கவும் இல்லை.

"எம் பேரை எழுதுங்க மேடம்" என்றார் இசக்கி. "செஞ்சது நான்தான்."

"எழுதுவேன். எம் பேருக்குக் கீழ."

மூன்றரை மணிக்குக் கிடை கிளம்பியது. பாலத்துக்குப் போகவில்லை. வடக்கே, பூச்சி நிற்க முடியாத காற்று வீசுகிற மேட்டுக்காட்டுக்கு ஏறியது. முன்னால் கருத்தையா நடந்தார். கிடாவை இசக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றித் தன் மடியில் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அவர்கள் கண்மறையும் முன்பே மடை திறந்து, வயலில் தண்ணீர் பரவியது.

மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. நான்காம் நம்பருக்கு நீலநாக்கு. எடுத்த இருபதில் இன்னும் இரண்டுக்கும் இருந்தது. அக்கரைக் கிடைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அம்மையப்பன் போனில் ஒரு பாட்டம் கத்தினார், பிறகு புகை போடத் தன் தோட்டத்து வேப்பமரங்களை வெட்டிக்கொள்ளச் சொன்னார். பிரேமலதா மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவள் விளக்கத்தையும் நேராகவே எழுதினாள்.

மேட்டுக்காட்டில் புல் இல்லைதான். கருத்தையா உடைமரத்துக் காயை உலுக்கிப் போட்டு ஆடுகளைக் காத்தார். முப்பத்தொரு ஆடுகள் நோயில் படுத்தன, ஏழு செத்தன, ஐந்துக்குச் சூல் கலைந்தது. கலைந்த குட்டிகளை அவரே குழி வெட்டிப் புதைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. அக்கரையில் ஒன்றுக்கும் காய்ச்சல் வரவில்லை.

பதினோராம் நாள் காலையில் பிரேமலதா ரத்தம் எடுக்க வந்தாள். இப்போது அவளுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. கிடா தனியாக ஒரு கொசுவலைக்குள் நின்றிருந்தது. எலும்பும் தோலுமாய், உதட்டில் காய்ந்த பொருக்கோடு. கருத்தையா அதன் வாயில் கேப்பைக் கூழைப் பைய ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"இருக்கு." கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல் கேட்டார்: "டாக்டரம்மா, படிச்சவுக நீங்க. சொல்லுங்க. நேர்ந்ததை நான் முறிச்சுட்டேன். எம்மவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல எத்தனை நேரமாகும்? அவருக்கும் அதுதான் வேண்டும், அவளுக்கும் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் பார்க்காத ஒன்றைச் சரியாக இருக்கிறது என்று இந்த மனிதருக்கு அவள் ஏற்கனவே ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"தெரியாது அண்ணாச்சி. நேத்து முத்துப்பேச்சியைப் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். அவளைப் பாக்குத டாக்டர்ட்டயும் பேசுனேன். இதுவரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாவ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க போய்ப் பாத்தியளா?"

"பாத்தேன். நல்லாப் பேசுனா. கிடா எப்படி இருக்குன்னு கேட்டா."

"என்ன சொன்னிய?"

"காய்ச்சல் விட்டுருச்சு, இன்னும் தெம்பு வரலன்னு சொன்னேன்."

கருத்தையா தலையை ஆட்டினார். பிறகு எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். மஞ்சள் இல்லை, வெறும் தண்ணீர்.

"தினம் காலையில ஊத்திப் பாக்கேன்" என்றார் வெட்கத்தோடு. "சாமியைக் கேக்கல. இவனுக்கு எப்படி இருக்குன்னு பாக்கதுக்கு."

கிடாவின் தலையில் ஊற்றினார். தண்ணீர் நெற்றியில் இறங்கி, கண்ணோரம் வழிந்து, தாடையில் சொட்டியது. கிடா ஒரு காதை மட்டும் ஆட்டியது. நிறுத்தியது. பிறகு முன்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, கழுத்திலிருந்து தொடங்கி, விலா வழியாக, வால் நுனி வரை உடம்பு முழுக்க உலுக்கி உதறியது. உதறிய வேகத்தில் தானே தடுமாறி வலையில் சாய்ந்தது.

கருத்தையாவின் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அவர் செம்பைக் கையில் பிடித்தபடியே சிரித்தார், கண்ணில் நீர் பொங்கிவிட்டது.

"பாத்தியளாம்மா இவன் செய்யுத வேலையை! ரத்தத்தை எடுத்து, சோதிச்சு, எல்லாம் முடிச்சப்பொறம் பதினோரு நாள் கழிச்சு உத்தரவு குடுக்கான்!"

பிரேமலதா முகத்தில் தெறித்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கிடாவின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை.